மாப்பிள்ளையைக் கண்டால் கத்தும் கார்

என் கார் முதன்முதலாகக் கத்தியது எழுபத்தெட்டாம் வருஷம் சித்திரை மாதம், ஸ்ரீரங்கம் தெற்கு உத்திர வீதியில், நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. லேசான முனகல் என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்டுக்குட்டியின் வாலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினால் வருமே, அந்தச் சத்தம். பின் சீட்டில் கோட்டு, சூட்டு, ரோஜா மாலை சகிதம் மாப்பிள்ளை. காருக்கு முன்னால் நாயனக்காரர் கல்யாணியில் உருகிக்கொண்டிருந்தார். கார் 'கீ...ச்' என்றதும் வாசிப்பை நிறுத்தினார். நாயனத்திலிருந்து சீவாளியைக் கழற்றிப் பார்த்தார், துடைத்தார், வேறு சீவாளியை மாட்டி ஊதினார். கார் மறுபடியும் கத்தியது. அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். என் மாமியார்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நான் சகாயநாதன். மேலப்புதூரில் வீடு, தொழில் கல்யாணக் கார். மருங்காபுரிப் பக்கம் ஒரு பெரிய வீட்டுத் தொழுவத்தில் கேட்பாரற்றுக் கிடந்த சீமைக் கார் அது. மேல்கூரை கிடையாது. பின் சீட்டில் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை எழுப்பிவிட்டு, காரை வாங்கி, வெள்ளை பெயிண்ட் அடித்து, 'துரைசாணி' என்று பெயர் வைத்தேன். திருச்சியில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. அவளை வைத்துத்தான் என் வீட்டில் உலை கொதித்தது.

கல்யாணங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று எங்கள் கத்தோலிக்க ஆட்களுடையது. காலை ஒன்பது மணிப் பூசைக்குப் பெண்ணைப் பாலக்கரைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, பூசை முடிந்ததும் இரண்டு பேரையும் வீட்டில் கொண்டுபோய் விட்டால் வேலை முடிந்தது. மற்றது ஸ்ரீரங்கத்து ஜானவாசம். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்காரவைத்து, மேளதாளத்தோடு வீதி வீதியாக நடை வேகத்தில் ஊர்வலம் விடுவது. எங்கள் ஆட்கள் தவக்காலத்தில் கல்யாணம் செய்யமாட்டார்கள், கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் செய்யமாட்டார்கள், மிச்ச நாளிலும் பாதிப் பேர் சித்தப்பா மகனின் ஜீப் போதும் என்பார்கள். எனக்குச் சோறு போட்டது ஸ்ரீரங்கம்தான்.

ஸ்ரீரங்கத்தில் எனக்குக் கார் பேசிவிடுகிறவர் ஆராவமுதன் சாமி. கல்யாணச் சமையல் காண்டிராக்டர். வடக்கே அடையவளஞ்சான் வீதியிலிருந்து தெற்கே ஊர் வாசலான மொட்டைக் கோபுரம் வரை எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் தளிகை அவருடையது. தளிகை அவருடையதானால் மேளமும் அவர் சொல்கிறவர், பந்தலும் அவர் சொல்கிறவர், காரும் அவர் சொல்கிறவர். அந்த வருஷம் தை மாதம் அவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஓய் சகாயநாதன், தஞ்சாவூர்க்காரன் ஒருத்தன் கார் கொண்டு வரான். மாப்பிள்ளை தலைக்கு மேல வளைவு கட்டி அதுல நாப்பத்தெட்டு பல்பு. ஜொலிக்கறது. உம்ம கார்ல மாப்பிள்ளை இருட்டுல உக்காந்திருக்கான். பின்னால வரவாளுக்கு அவன் மூக்கே தெரியலை."

"நானும் ஐம்பது போட்டுடறேன் சாமி."

"அதென்ன கணக்கு, ஐம்பது? நூத்தெட்டு போடும். பெருமாளுக்கு நூத்தெட்டு திவ்ய தேசம். ஒரு திவ்ய தேசத்துக்கு ஒரு பல்பு. மாப்பிள்ளை தலைக்கு மேல அத்தனை பெருமாளும் பிரகாசிக்கட்டும். தஞ்சாவூர்க்காரன் ஓடியே போயிடுவான்."

எனக்கு அது அருமையான யோசனையாகப் பட்டது. இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து ஒளித்துவிட்டான் என்று சொல்லக்கூடாது.

துரைசாணிக்கு வைத்தியர் மன்னார்புரம் ஹபீபுல்லா பாய். பதினாறு வருஷமாக அவர் ஒருவர்தான். பாயின் சட்டம் ஒன்று உண்டு: அவர் பார்க்கிற வண்டியில் இன்னொருவன் கை வைக்கக்கூடாது. வைத்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்து, "அவருகிட்டயே கொண்டு போங்க" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார், அதுதான் கஷ்டம். பல்பு விஷயத்தை அவரிடம் கொண்டுபோயிருக்க வேண்டும். ஆனால் பாய் ஒரு வேலைக்கு மூன்று வாரம் எடுப்பார். எனக்கோ மாசியில் ஜானவாசம் இருந்தது. சமயபுரத்தில் வீரமலை என்று ஒருவன், அம்மன் திருவிழாவுக்குத் தெருவெல்லாம் சீரியல் செட் போடுகிறவன். அவனைப் பிடித்தேன். ஒரே நாளில் வளைவு செய்து நூற்றெட்டுப் பல்பும் கோத்துக் கொடுத்தான். சீட்டுக்கு அடியில் யார் கண்ணுக்கும் படாமல் ஒரு பிளக் வைத்தான். வளைவு ஸ்ரீரங்கத்திலேயே, ஆராவமுதன் சாமியின் அண்டா குண்டாக்களோடு இருக்கும். ஜானவாசத்தன்று சாயங்காலம் மாட்டுவோம், மண்டபம் வந்ததும் கழற்றிவிடுவோம். ஆக, பாயின் கண்ணுக்கு அது படவே இல்லை. மாசியிலும் பங்குனியிலும் துரைசாணி வாயைத் திறக்கவும் இல்லை. சித்திரையில்தான் ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை மன்னார்புரம் போனேன். பாய் எதையும் கழற்றுகிறவர் இல்லை, முதலில் கேட்பார். பட்டறையில் சுத்தியல் சத்தம் நிற்கும். பக்கத்து டீக்கடையில் ரேடியோவை அணைக்கச் சொல்வார். ஒரு முழ நீளத் திருப்புளியின் முனையை என்ஜினில் ஊன்றி, மரப் பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் யாராவது இருமினால்கூட முறைப்பார்.

ஐந்து நிமிஷம் கேட்டார். கண்ணைத் திறந்தார்.

"சத்தம் போடச் சொல்லுங்க அண்ணே."

"நான் சொன்னா போடுமா? நேத்து போட்டுச்சு பாய்!"

"எப்படிப் போட்டுச்சு?"

நடு ரோட்டில் நின்று, நாற்பத்தெட்டு வயதில், 'கீ...ச்' என்று கத்திக் காட்டினேன். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். பாய் மட்டும் சிரிக்கவில்லை. பேன் பெல்ட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். வாட்டர் பம்ப்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"வண்டில புதுசா ஏதாச்சும் கை வச்சீங்களா?"

"இல்லை" என்றேன்.

பச்சைப் பொய். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. விளக்கு எரிவது மேலே, என்ஜின் கத்துவது கீழே, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நினைத்தேன். வைத்தியனிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லாதே என்பார்கள். மெக்கானிக்கை அந்தப் பட்டியலில் யாரும் சேர்க்கவில்லை.

பாய் வாட்டர் பம்ப்பின் பேரிங்கை மாற்றினார். அந்த வாரமே பாலக்கரையில் ஒரு கல்யாணம். பெண்ணை ஏற்றிக்கொண்டு போகும்போது என் காது முழுக்க என்ஜின்மேலேயே இருந்தது. துரைசாணியோ கன்னியாஸ்திரீ மாதிரி போனாள், வந்தாள். பாய் கை வைத்தால் வைத்ததுதான் என்று மேலப்புதூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வைகாசியில் அடுத்த ஜானவாசம். ஆஞ்சநேயர் சன்னதி வாசலில் காரை நிறுத்தி, வளைவை மாட்டி, நூற்றெட்டுப் பல்பையும் போட்டுவிட்டோம். உள்ளே மாப்பிள்ளைக்கு மரியாதை நடந்து முடிய ஒரு மணி நேரம். மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். என்ஜினைக் கிளப்பி, முதல் கியர் போட்டு, ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன்.

கத்தினாள். முன்பைவிட அதிகமாக. சாமரம் வீசிக்கொண்டிருந்த பையன் சாமரத்தைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டான். ஒரு வீட்டு மாடியிலிருந்து யாரோ, "என்னடா அது, யானைக்கு மதம் பிடிச்சுடுத்தா?" என்று கேட்டார்கள். பெண்ணின் அத்தை ஒருவர் காருக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தவர், மாப்பிள்ளையை உற்றுப் பார்த்தார். பிறகு நடு வீதியில் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்:

"ஏன்டாப்பா, உனக்கு வேற எங்கேயாவது தொடுப்பு இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடு. வாயில்லாத ஜடம் இப்படி அழறதுன்னா ஏதோ இருக்கு."

மாப்பிள்ளை ரிசர்வ் பேங்க் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருந்த பரம சாது. வைகாசிப் புழுக்கத்தில் கம்பளிக் கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது. வேர்ப்பதைப் பார்த்து அத்தைக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. அப்புறம் பெண்ணின் அப்பா வந்து, மாப்பிள்ளையின் அப்பா வந்து, யார் யாரைச் சந்தேகப்பட்டது என்று ஆரம்பித்து, மண்டபம் போய்ச் சேர்வதற்குள் சம்பந்திச் சண்டை இரண்டு தடவை மூண்டு இரண்டு தடவை அணைந்தது. துரைசாணி ஒரு தடவைகூட அணையவில்லை.

ஆராவமுதன் சாமி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். வாழைக்காய் வெந்துகொண்டிருந்தது.

"ஓய், உம்ம கார் அழுகுணிக் கார்னு பேராயிடுத்து. ஆனி மாசம் வடக்குச் சித்திரை வீதில ஒரு ஜானவாசம் இருக்கு. நான் வாக்குக் கொடுத்துட்டேன், அதனால உம்மைக் கூப்பிடறேன். அதுல ஒரு தடவை, ஒரே தடவை கத்தித்துன்னா, அதுக்கப்புறம் உம்ம கார் மொட்டைக் கோபுரத்தைத் தாண்டப்படாது. தஞ்சாவூர்க்காரனுக்கு லெட்டர் போட்டுடுவேன்."

 ஸ்ரீரங்கம் கைவிட்டுப் போனால் துரைசாணியை மறுபடி கோழிக்குத்தான் கொடுக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்தால் வியாகுலம்மாள். என் பெண்டாட்டி.

"ஏங்க, நம்ம கோயில் வாசல்ல அது வாயைத் திறக்குதா? இல்லைல்ல? அங்க போனா மட்டும் ஏன் கத்துது? யோசிச்சுப் பாருங்க."

"என்னடி யோசிக்கச் சொல்ற?"

"அந்தோனியாருக்கு நேந்துக்கிட்டு, ஒரு வருஷமா மெழுகுவத்தி ஏத்தலை நீங்க."

அடுத்த நாள் காலை ரேடியேட்டர் மூடி திறந்து கிடந்தது. வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்து பத்திரமாக வைத்திருந்த தீர்த்தப் பாட்டில் காலி. இந்தப் பக்கம் இப்படி என்றால், ஸ்ரீரங்கத்துக் காய்கறிக் கடையில், வேதக்காரன் கார் பெருமாள் வீதிக்கு வந்தால் கத்தத்தான் செய்யும் என்று பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். இரண்டு ஊரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டன. காரணம்தான் வேறு வேறு.

எனக்கு மெதுவாகப் பேச வராது. பிறவிக் குணம். கோபம் வந்தால் கேட்கவே வேண்டாம். மன்னார்புரம் போய் இறங்கினேன். பட்டறையில் நாலு வண்டி நின்றது, டீக்கடை நிறைய ஆள். பாய் மறுபடி திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்டார். டைனமோவின் புஷ்ஷை மாற்றலாமா என்று யோசித்தார். "நான் கேக்கறப்போ எல்லாம் சுத்தமா இருக்கே அண்ணே" என்றார்.

"உமக்குக் கேக்காது! ஸ்ரீரங்கமே காதைப் பொத்திக்கிட்டு நிக்குது, உமக்கு மட்டும் கேக்கலை! உம்ம காது போச்சு பாய்! செவிடாயிட்டீர்! செவிடன் கையில வண்டியைக் குடுத்துட்டு என் பொழப்பே நாறிப் போச்சு! கடையைப் பூட்டிட்டு வீட்ல போய் உக்காரும்!"

டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம்கூட நின்றது. பாய் திருப்புளியைத் துணியில் துடைத்தார். அன்று சாயங்காலமே லாரி ஆபீஸ் அற்புதசாமி தன் வேனை அங்கிருந்து எடுத்துக்கொண்டு போனதாகத் தெரிந்தது. மறு வாரம் இன்னும் இரண்டு வண்டிகள். காதால் வைத்தியம் பார்க்கிறவருக்குக் காது போய்விட்டது என்று சொன்னால் அப்புறம் என்ன மிச்சம்? எனக்கு மனசு உறுத்தியது. ஆனால் என் கோபம் நியாயமானது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் நான் கெட்டிக்காரன்.

ஆனி மாதம் ஜானவாசத்தன்று மத்தியானம் பாய் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் திருப்புளி.

"நானும் வரேன் அண்ணே. கத்தற இடத்துல நின்னு கேக்கறேன். அங்கயும் எனக்குக் கேக்கலைன்னா, நீங்க சொன்ன மாதிரி கடையைப் பூட்டிடறேன்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கூட்டிக்கொண்டு போனேன். ஆராவமுதன் சாமி பார்த்தார். "கார்ல தானே வரார், தளிகைக்கு இல்லையே. முன்னால உக்காரட்டும்" என்றார்.

சன்னதி வாசலில் வளைவைக் கொண்டுவந்து மாட்டினார்கள். பிளக்கைச் சொருகினார்கள். நூற்றெட்டுப் பல்பும் குபீரென்று எரிந்தது. கூட்டம் 'ஆகா' என்றது. பாய் முன் சீட்டிலிருந்து திரும்பி, தலைக்கு மேல் எரிந்த விளக்குகளை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார். பிறகு குனிந்து சீட்டுக்கு அடியில் போகிற வயரைப் பார்த்தார்.

"இது எப்போ?" என்றார்.

"மாசியில."

"யாரு?"

"சமயபுரம் வீரமலை."

"ம்" என்றார் பாய்.  என் முகம் சூடேறிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், சோற்றைக் கிளறியதும் பிடிபட்டது போல உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து மாப்பிள்ளை வந்தார். நாங்குநேரிப் பையன், பம்பாயில் வேலை. சிரித்த முகம். நாயனம் ஆரம்பித்தது. என்ஜினைக் கிளப்பினேன். ஆக்ஸிலேட்டரில் கால் வைத்ததுதான் தாமதம், துரைசாணி 'கீ...ச்' என்று வீதியே அதிரக் கத்தினாள். ஆராவமுதன் சாமி தலையில் கை வைத்துக்கொண்டார். என் பிழைப்பு அந்த இடத்திலேயே முடிந்தது என்று நினைத்தேன்.

பாய் சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பிளக்கைப் பிடுங்கினார்.

விளக்குகள் அணைந்தன. சத்தமும் நின்றது.

சொருகினார். விளக்கு எரிந்தது, கார் கத்தியது. பிடுங்கினார். இருட்டு, நிசப்தம். இன்னொரு தடவை சொருகிப் பிடுங்கினார். இது ஏதோ புது வேடிக்கை என்று நினைத்து வாண்டுகள் கை தட்டின. நாயனக்காரர் இந்தத் தடவை சீவாளியைத் தொடவே இல்லை, நாயனத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"இவ்வளவுதான்" என்றார் பாய். காரை விட்டு இறங்கி, கேஸ் லைட் வெளிச்சத்தில் எல்லாருக்குமாகச் சொன்னார். "பெல்ட்டுதான் டைனமோவைச் சுத்துது. டைனமோதான் விளக்குக்குக் கரண்டு குடுக்குது. இங்க ஒரு மணி நேரம் எஞ்சினை நிறுத்திட்டு விளக்கை எரிய விட்டீங்க, பேட்டரி முக்காவாசி காலி. கிளம்பினதும் பேட்டரிக்கும் குடுக்கணும், நூத்தெட்டு பல்புக்கும் குடுக்கணும். டைனமோ தாங்காம இறுகுது. பெல்ட்டு வழுக்குது. வழுக்கறப்போ கத்துது. மாசி பங்குனியில பெல்ட்டு கரகரப்பா இருந்திருக்கும், பிடிச்சிருக்கும். வழுக்கி வழுக்கி இப்போ கண்ணாடியாயிடுச்சு. பகல்ல பல்பு இல்லை, அதனால கத்தலை."

கோயில் கல்யாணத்தில் கத்தாததும் அதனால்தான். அங்கே காலை ஒன்பது மணிக்கு யார் விளக்குப் போடுகிறார்கள்? அந்தோனியாரும் பெருமாளும் ஒரே வீச்சில் நிரபராதி ஆனார்கள்.

"பாதிக்கு மேல பல்பைக் கழட்டணும் சாமி" என்றார் பாய்.

ஆராவமுதன் சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கழட்டறதா? நூத்தெட்டு திவ்ய தேசம் ஓய்! எந்தப் பெருமாளை அணைக்கறது? அபசாரம்!"

"ஐம்பது வரைக்கும் தாங்கும் சாமி. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

வீதி நடுவில் மாநாடு கூடியது. மாப்பிள்ளை காரில் உட்கார்ந்தபடி மாலையிலிருந்து ஒவ்வொரு இதழாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஆராவமுதன் சாமி கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் முணுமுணுத்தார். திடீரென்று முகம் மலர்ந்தது.

"சோழ நாட்டுத் திருப்பதி நாப்பது! நாம சோழ நாட்டுல இருக்கோம், அந்த நாப்பது போறும். முதல் பல்பு திருவரங்கம். மீதியைக் கழட்டும் பாய். இது அணைக்கறதில்லை, அந்தந்தப் பெருமாள் அந்தந்த ஊர்ல இருக்கா."

பாய் கழற்ற ஆரம்பித்தார். இரண்டு பல்புதான் கழன்றிருக்கும், மாப்பிள்ளையின் அப்பா குறுக்கே வந்து நின்றார்.

"அதெப்படி? நாங்க நாங்குநேரி. எங்க வானமாமலைப் பெருமாள் பாண்டிய நாட்டுல இருக்கார். எங்க பிள்ளை ஜானவாசத்துல எங்க பெருமாள் இருட்டுல இருக்கறதா?"

"ஒண்ணு தாங்குமா பாய்?" என்றார் ஆராவமுதன் சாமி.

"தாங்கும் சாமி."

அது தெரிந்ததும் விடுவார்களா? மாப்பிள்ளையின் மாமா திருக்குறுங்குடி. பெண்ணுக்கு மாமி காஞ்சிபுரத்து வரதர் இல்லாமல் நகரமாட்டேன் என்றார். ஒருவர் பத்ரிக்குப் போய்விட்டு வந்தவர், அதற்கு ஒன்று. திருமலையை எப்படி விடுவது என்று எல்லாரும் ஒரே குரலில் கேட்டார்கள். இன்னும் நாலு பேர் நாலு ஊர் சொல்ல, நாற்பத்தொன்பது ஆனது. பாய் திருப்புளியை உயர்த்தினார்.

"இன்னும் ஒன்னுதான். ஐம்பத்தோராவது பெருமாளுக்கு நான் பொறுப்பில்லை."

கடைசி இடம் திருக்கண்ணபுரமா திருவல்லிக்கேணியா என்று தகராறு வந்தது. திருக்கண்ணபுரம் ஏற்கெனவே சோழ நாட்டு நாற்பதில் இருக்கிறது என்று யாரோ கண்டுபிடித்துச் சொல்ல, திருவல்லிக்கேணி ஜெயித்தது. நான் பானெட்டைத் திறந்தேன். பாய் தன் வெள்ளைச் சட்டையில் கறை படுவதைப் பொருட்படுத்தாமல் பெல்ட்டைத் துடைத்து, டைனமோவை நெம்பி இறுக்கினார். கிளப்பினேன். ஐம்பது பல்பும் எரிந்தது. சத்தம் இல்லை.

கூட்டம் மூச்சு விட்டது. ஆராவமுதன் சாமி குளிர்ந்துபோனார். "ஓய் சகாயநாதன், ஆவணி முகூர்த்தம் எல்லாம் உமக்குத்தான்" என்றார். பிறகு பாயின் பக்கம் திரும்பினார். "ஏன் பாய், இத்தனை சுளுவான விஷயம். இதைக் கண்டுபிடிக்க மூணு மாசமா? உமக்குக் காது மந்தம்னு இவர் சொன்னதா ஊரெல்லாம் பேச்சு, நெஜந்தானா?"

பாய் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் சொன்ன பொய் வீதிக்கு வந்துவிடும். ஆவணி முகூர்த்தமும் ஆட்டம் கண்டுவிடும்.

"வயசாகுதில்ல சாமி" என்றார்.

அவ்வளவுதான். வந்து முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். நாயனம் மறுபடி ஆரம்பித்தது. வண்டியை எடுத்தேன். வடக்குச் சித்திரை வீதியில் அவ்வளவு அமைதியாகத் துரைசாணி அதுவரை போனதில்லை. அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சத்தம் இருந்தாலாவது வேறு எதையும் நினைக்காமல் இருக்கலாம். பக்கத்தில் பாய் கையிலிருந்த கறையைத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தார். பாதி வீதி வந்திருப்போம். வெட்கம். இவ்வளவு வெட்கமாக நான் வாழ்க்கையில் இருந்ததே இல்லை.

பிரேக்கை மிதித்தேன். கார் குலுங்கி நின்றது. மாப்பிள்ளையின் தலை வளைவில் இடித்தது. நான் சீட்டின் மேல் ஏறி நின்றுவிட்டேன்.

"பாய்க்குக் காது நல்லாக் கேக்கும்!" என்று கத்தினேன். "புதுசா ஏதாச்சும் கை வச்சியான்னு முதல் நாளே கேட்டாரு! இல்லைன்னு நான்தான் பொய் சொன்னேன்! அவருக்குத் தெரியாம வேற ஆள்கிட்ட பல்பு போட்டேன்! அவரு செவிடு இல்லை, நான்தான் அயோக்கியன்!"

நாயனம் நின்றுபோயிருந்தது. மாப்பிள்ளை தலையைத் தடவிக்கொண்டே பக்கத்திலிருந்த தோழனிடம் சொன்னார்: "கார் கத்தும்னாளே, இப்போ டிரைவர்னா கத்தறார்!"

ஆராவமுதன் சாமி முன்னால் ஓடிவந்தார். "ஓய், இறங்கும்! பாவமன்னிப்பெல்லாம் உம்ம கோயில்ல வச்சுக்கும்! முகூர்த்தப் பையன் உக்காந்திருக்கான்!"

இறங்கி உட்கார்ந்தேன்.  பாய் நேராகப் பார்த்தபடி, எனக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்.

"கேட்டுச்சு அண்ணே. ஆனா என்னைச் செவிடன்னு நீங்க சொன்னது இங்க இல்லையே. மன்னார்புரத்துல. மூணு வண்டி போயிடுச்சு. நாளைக்குக் காலையில அங்க வந்து இதே சத்தத்துல சொல்லிடுங்க."

போனேன். ஒன்பது மணிக்கு, டீக்கடையில் கூட்டம் இருக்கிற நேரம் பார்த்துத்தான் போனேன். செவிடன் என்று கத்த எனக்கு ஒரே மூச்சு போதுமாயிருந்தது. பொய் சொன்னவன் நான் என்று சொல்ல மூன்று தடவை தொண்டையைக் கனைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். பாய் ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"பஸ் ஸ்டாப்புல அற்புதசாமி நிக்கிறாரு அண்ணே. அவருக்குக் கேக்கலையாம். இன்னொரு தடவை."

சொன்னேன்.